தொழிற்பேட்டை எல்லையில் திருவருகைக் காலம்

திருச்சபையின் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் தொடங்குவதன்று. நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறன்று, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாக, அது தொடங்குகிறது. நான்கு ஞாயிறுகள் காத்திருந்த பின்னரே திருச்சபை பிறப்பின் பெருவிழாவுக்குள் நுழைகிறது. ஆனால் நம் சேகரங்களில் வாழ்வோர் பலருடைய நாட்களை வகுத்துக் கொடுப்பது இந்த நாட்காட்டியன்று; தொழிற்சாலையின் ஷிப்டு அட்டவணையே. ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதிகளிலும், அவற்றுக்கு ஆட்களை அனுப்பும் போச்சம்பள்ளி வட்டாரத்து நாகரசம்பட்டி போன்ற ஊர்களிலும் இவ்விரு நாட்காட்டிகளும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. டிசம்பர் 25 அன்று இப்பகுதியில் 'சபை' என்று நாம் அழைப்பது யாரை? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எதிரெதிர்த் திசைகளில் இரு பயணங்கள்

ஓசூர், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த நகரம். முன்னாளில் சேலம் மாவட்டத்தையும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்தையும் சேர்ந்திருந்த இப்பகுதி, 2004இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்துள் அடங்கியது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் அவற்றைச் சுற்றிப் பெருகின. வேலை தேடிவந்தோருள் தென் மாவட்டங்களைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. நாகரசம்பட்டிப் பக்கமோ மாந்தோப்புகளும் மானாவாரி நிலங்களும் உள்ள நாட்டுப்புறம். நிலம் ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. ஆகவே இளைஞர் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் செல்கின்றனர். அண்மைக் காலத்தில் தொழிற்சாலையே அவர்களை நோக்கி வரத் தொடங்கியுள்ளது. போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் 2021இல் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இருவகை மக்களும் எதிரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றனர். நகரத்துச் சபையார் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய சொந்த மாவட்டங்களுக்குச் செல்லும் இரயிலிலும் பேருந்திலும் இருப்பர். நாட்டுப்புறத்தாரோ நகரத்திலிருந்து தங்கள் சிற்றூர்களுக்குத் திரும்புவர். இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. நகர ஆலயத்தில் திருவருகை ஞாயிறுகள் நிறைந்தும் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை மெலிந்தும் காணப்படுகின்றன. சிற்றூர் ஆலயத்தில் திருவருகை ஞாயிறுகளில் முதியோரும் சிறுவருமே அமர்ந்திருக்க, பிறப்பு நாளன்று இடம் போதாமல் மக்கள் வெளியே நிற்கின்றனர். ஓரிடத்தில் விழாவின்றிக் காத்திருப்பும், மற்றோரிடத்தில் காத்திருப்பின்றி விழாவும் நிகழ்கின்றன. ஒரே நற்செய்தியின் இரு பாதிகளை இரு சபைகள் பங்கிட்டுக்கொள்வதுபோல் இது உள்ளது.

2. திருவருகைக் காலம் எதற்காக?

பிறப்பு விழா டிசம்பர் 25 அன்று கொண்டாடப்பட்டதற்கான பழைய சான்று, உரோமாபுரியில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட நாட்குறிப்பேட்டில் கிடைக்கிறது. அதற்கு ஆயத்தமாகும் காலம் பின்னரே வளர்ந்தது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் கால் நாட்டுத் திருச்சபைகளில் நவம்பர் 11ஆம் நாளாகிய தூய மார்ட்டின் திருநாள் முதல் நோன்பு கடைப்பிடிக்கப்பட்டது. மேலைத் திருச்சபையில் நான்கு ஞாயிறு முறை நிலைபெற்றது அதன் பிறகே. ஆண்டவர் தாழ்மையில் வந்ததை நினைவுகூர்தலும், மாட்சியில் வருவதை எதிர்நோக்குதலும் இக்காலத்தின் இரு கருப்பொருள்கள். ஆகவே இது பாடல் பயிற்சிக்கும் பந்தல் வேலைக்கும் மட்டும் உரிய காலமன்று. ஆராய்ந்து பார்த்து ஆயத்தமாகும் காலமாகும்.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் ஏற்றப்படும் திருவருகை வளையத்தின் பிறப்பும் நாம் அறிந்திருக்க வேண்டியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், வறுமையில் சீரழிந்த சிறுவர்க்கென யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் லுத்தரன் இறையியலார் 1833இல் ஓர் இல்லம் நிறுவினார். பிறப்பு நாள் எப்போது வரும் என ஓயாது கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை அமைத்தார். வார நாட்களுக்குச் சிறியவையும் ஞாயிறுகளுக்குப் பெரியவையுமாக நாளுக்கொன்று ஏற்றப்பட்டன. நகரத்து வறியோரிடையே செய்த ஊழியத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. தொழிற்பேட்டை அருகில் நாம் அதை ஏற்றும்போது, அதன் ஒளி யார்மேல் விழவேண்டும் என்பதும் நினைவுக்கு வரவேண்டும்.

3. இரவுப் பணியும் மேய்ப்பரும்

நற்செய்தியாளர் லூக்கா, பிறப்பின் செய்தியை முதலில் பெற்றோர் இரவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்கிறார். அம்மேய்ப்பர் ஆலயத்திற்கு வந்து செய்தியைக் கேட்கவில்லை. அவர்கள் வேலை செய்த வயல்வெளிக்குச் செய்தி வந்தது. நம் ஒழுங்குகளோ இதற்கு நேர்மாறானவை. அதிகாலை ஆராதனைக்கு வர இயலாதவர் பண்டிகையை இழந்தவரே எனக் கருதிவிடுகிறோம்.

கிறிஸ்துமஸ் நாளில் எல்லா ஆலைகளும் மூடியிருக்கும் என நாம் எண்ணிக்கொள்ளலாகாது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் (1958), குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு மேலும் ஐந்து பண்டிகை விடுமுறைகளைத் தருகிறது. அந்த ஐந்தும் எவையென்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடலாம். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இருமடங்கு ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ தரப்படவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் இவ்வுரிமையை அறியாமலிருப்பதுண்டு. அறிந்தும் வேலை பறிபோகுமென்று அஞ்சிக் கேளாமலிருப்பதுமுண்டு. தம் சபையாருள் யார் யாருக்கு அந்நாளில் வேலை உண்டு என்பதைத் திருவருகை முதல் வாரத்திலேயே ஆயர் கேட்டறிதல் நலம். அவர்களுக்கெனப் பகல் ஷிப்டு முடிந்தபின் மாலைத் திருவிருந்து நடத்தலாம். இரவுப் பணி முடிந்து வருவோர்க்கெனக் காலை ஒன்பது மணிக்கு மற்றோர் ஆராதனை அமைக்கலாம். இதைச் சலுகை என்று கருதலாகாது. மேய்ப்பர் இருந்த இடத்திற்கே வந்த செய்திக்கு நாம் தரும் மறுமொழி இது.

4. நாம் அறியாத நம் சபையார்

இரு பயணங்களிலும் சேராத மூன்றாம் கூட்டம் ஒன்று உண்டு. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, பண்டிகைக்கு ஊர் செல்ல விடுப்பும் பணமும் இல்லாதவர்கள் அவர்கள். ஓசூர் அருகே அமையும் கைப்பேசி ஆலைக்கு ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்று வருவதாக ஒன்றிய அமைச்சர் ஒருவர் 2022இல் அறிவித்தார். கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845இல். அவர்கள் ஊழியத்தால் முண்டா, ஒராவோன் மக்களிடையே வளர்ந்த லுத்தரன் திருச்சபை 1919இல் தன்னாட்சி பெற்றது. ஆகவே அவ்விடத்திலிருந்து வருவோருள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவராயிருப்போரும் இருக்கலாம். அவர்கள் இந்தியிலும் சாத்ரியிலும் குருக்கிலும் முண்டாரியிலும் பாடி வளர்ந்தவர்கள். நம் ஆலயத்தின் வாசலில் நின்றாலும் நம் மொழி அறியார்.

கிருஷ்ணகிரியின் சொந்த வரலாறே நமக்கு ஒரு கடனை நினைவூட்டுகிறது. லைப்சிக் மிஷனிலிருந்து கோட்பாட்டு வேற்றுமையால் விலகிய தியோடர் நேதர், அமெரிக்க மிசூரி லுத்தரன் சங்கத்தின் மிஷனரியாக 1895இல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார். 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானார். அயல்மொழி பேசும் அந்நியராக வந்த ஒருவர் வழியாக இவ்வூரில் சபை எழும்பிற்று. இன்று அயல்மொழி பேசி வருவோரை அதே ஊர்ப் பக்கத்துச் சபைகள் எவ்வாறு வரவேற்கும்? ஒரு திருமறைப் பகுதியை இந்தியில் வாசிக்கச் செய்வதும், அவர்கள் பாடும் ஒரு பாட்டுக்கு ஆராதனையில் இடமளிப்பதும் கடினமானவையல்ல. விடுதிக் காப்பாளரை முன்கூட்டியே கண்டு அனுமதி பெறுவதும், பாதுகாப்பாகத் திரும்ப வாகனம் ஏற்பாடு செய்வதுமே உழைப்பைக் கோருபவை.

5. கீதபவனி செல்லும் வழி

ஒரு சபை யாரைத் தன்னுடையவராக எண்ணுகிறது என்பதைக் கீதபவனியின் வழித்தடம் காட்டிக்கொடுத்துவிடும். காணிக்கை மிகுதியாகத் தரும் வீடுகளில் தொடங்கி, நேரமிருந்தால் ஏனையோரிடம் செல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவினை நிலவும் இடங்களில் பவனி எந்தத் தெருவில் நுழைந்தது, எந்த வீட்டில் தேநீர் பருகியது என்பது சபைக்கு வெளியிலுள்ளோராலும் கவனிக்கப்படுகிறது. சாதி பார்த்து நடக்கும் பவனி எத்துணை இனிமையாகப் பாடினாலும் பிறப்பின் செய்தியை மறுக்கிறது.

செலவும் இதனோடு இணைந்த பொருள். புத்தாடை, பலகாரம், நட்சத்திர விளக்கு, ஊர்ப் பயணம் ஆகியவற்றுக்காகக் கடன் வாங்கி, ஜனவரி முழுவதும் வட்டி கட்டும் தொழிலாளர் குடும்பங்களை ஆயர்கள் அறிவர். அவர்களைக் கண்டிப்பதால் பயனில்லை. சபையின் அலங்காரமும் விருந்தும் எளிமையாயிருப்பின், வீடுகளில் எளிமையாயிருப்பதற்கு வெட்கம் நீங்கும்.

முடிவுரை

டிசம்பர் 25 அன்று யார் சபை என்ற கேள்விக்குப் பதிவேடு விடையளிக்காது. ஊருக்குத் திரும்பி வந்தோரும், ஊருக்குச் செல்ல இயலாதோரும், இயந்திரத்தின் முன் நிற்போரும் அந்நாளில் அவ்விடத்துச் சபையார். எனவே நகரச் சபை தன் ஆயத்தத்தின் ஒரு பகுதியாக, எஞ்சியிருப்போரின் பெயர்களைத் திரட்டட்டும். சிற்றூர்ச் சபை, திரும்பி வருவோருக்காக 23, 24ஆம் தேதிகளின் மாலைகளில் திருவருகை மன்றாட்டு நடத்தி, அவர்கள் தவறவிட்ட காத்திருப்பைச் சிறிதளவேனும் அளிக்கட்டும். இரண்டு சேகரங்களின் ஆயர்களும் நவம்பரிலேயே ஒருவரையொருவர் கண்டு, யார் எங்கிருந்து எங்குச் செல்கின்றனர் எனப் பேசிக்கொள்ளட்டும்.

சத்திரத்தில் இடமில்லாதிருந்தது என்று நற்செய்தி கூறும்போது அது எவரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டவில்லை. இடம் ஏற்பாடு செய்யப்படவில்லை, அவ்வளவே. இடம் ஏற்பாடு செய்வதற்கெனத் திருச்சபைக்கு ஆண்டுதோறும் நான்கு வாரங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றை நாம் எவ்வாறு செலவிடுகிறோம் என்பதிலேதான் நம் பிறப்பு விழாவின் உண்மை அடங்கியுள்ளது.