இயர்போனுக்குக் குட்டி அடாப்டர்: ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு தண்டச் செலவு!

சென்னை,

இரண்டு பேரை எடுத்துக் கொள்வோம்.

ஒருவர் குமாஸ்தா. தினமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்குகிறவர். கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றாலும் காதில் பாட்டு வேண்டும் அவருக்கு. செல்போனில் சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றியாகிவிட்டது. அப்படியும் போதவில்லை. தபேலாவும் இல்லை, டிரம்மும் இல்லை. பாட்டு தகரம் தட்டியது போல் கேட்கிறது.

இன்னொருவர் மளிகைக் கடைக்காரர். இரவு 10 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்துப் பழைய பாட்டு கேட்பவர். மகன் வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த இயர்போன். ஆனால் பாட்டுக்குப் பின்னால் "புஸ்ஸ்..." என்று ஓர் இரைச்சல். சத்தத்தை ஒரே ஒரு கோடு வைத்தாலும் காதுக்கு அதிகமாக இருக்கிறது.

இரண்டு பேரும் ரிச்சி தெருப் பக்கம் போகிறார்கள். கவுண்டரில் நிற்கும் தம்பி இருவரிடமும் ஒரே சாமானை எடுத்து நீட்டுகிறார். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் பின். மறு முனையில் ஓட்டை.

"இம்பீடன்ஸ் அடாப்டர் சார். போனுக்கும் இயர்போனுக்கும் நடுவுல மாட்டுங்க. சவுண்டு சும்மா அள்ளும்!"

இரண்டு பேரும் வாங்குகிறார்கள். ஒருவர் வாழ்த்துகிறார். இன்னொருவர் மறுநாளே திட்டிக்கொண்டு வருகிறார். ஒரே சாமான்தான். ஏன் இப்படி?

இதோ விவரம்:-

உள்ளே என்ன இருக்கிறது?

அடாப்டரைப் பிரித்தால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இடது காதுக்கு ஒரு ரெசிஸ்டர். வலது காதுக்கு ஒரு ரெசிஸ்டர். ரேடியோ ரிப்பேர் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அதே ரெசிஸ்டர்தான். பேட்டரி கிடையாது. ஆம்பிளிபயர் கிடையாது.

ரெசிஸ்டரின் வேலை தடுப்பது. எத்தனை தடுக்கும் என்பதை 'ஓம்' என்ற கணக்கில் சொல்வார்கள். 1827-ம் ஆண்டில் இந்தக் கணக்கைப் புத்தகமாக வெளியிட்ட ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயர் அது.

இயர்போனுக்கும் ஓம் உண்டு. அதைத்தான் 'இம்பீடன்ஸ்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். செல்போனோடு பயன்படும் சாதாரண இயர்போன்கள் பெரும்பாலும் 16 ஓம் அல்லது 32 ஓம். ஸ்டூடியோக்களில் பயன்படும் பெரிய ஹெட்போன்களில் 250, 300, 600 ஓம் ரகங்களும் உண்டு.

மைக்செட் பாடம் இங்கே செல்லாது

"ஓம் பொருந்தினால் சத்தம் கூடும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

மைக்செட் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். கல்யாண வீட்டில் ஆம்பிளிபயரின் பின்பக்கம் 4, 8, 16 என்று திருகு முனைகள் இருக்கும். குழாய் ஸ்பீக்கரின் ஓம் பார்த்து, அதற்கு உரிய முனையில் வயரைப் பூட்டுவார்கள். மாற்றிப் பூட்டினால் சத்தம் குறையும். ஆம்பிளிபயர் சூடாகிப் புகைந்தாலும் புகையும்.

ஆனால் அங்கே உள்ளே இருப்பது டிரான்ஸ்பார்மர். அது மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிறது. பெரிய நோட்டைக் கொடுத்தால் சில்லறை தருவது போல.

இந்தக் குட்டி அடாப்டரில் இருப்பது ரெசிஸ்டர். அது மாற்றிக் கொடுக்காது. கமிஷன் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெரிய வித்தியாசம்!

கமிஷன் எவ்வளவு?

கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி கணக்குப் போடுவோம். அடாப்டர்களில் அடிக்கடி காணப்படும் அளவு 75 ஓம். குமாஸ்தாவின் இயர்போன் 16 ஓம் என்று வைத்துக் கொள்வோம். கூட்டினால் 91.

செல்போன் அனுப்பும் மின்அழுத்தம் ஒரு ரூபாய் என்றால், இயர்போனுக்குப் போய்ச் சேருவது 91-ல் 16 பங்கு. அதாவது சுமார் 18 காசு. மீதி 82 காசை ரெசிஸ்டரே சாப்பிட்டுவிடும்!

சத்தத்தின் கணக்கில் சொன்னால் 15 டெசிபல் குறைவு. காதுக்கு நன்றாகவே தெரிகிற குறைவு.

32 ஓம் இயர்போனாக இருந்தால் 30 காசு போய்ச் சேரும். 300 ஓம் ஹெட்போனாக இருந்தால் 80 காசு. எந்த இயர்போனாக இருந்தாலும் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கவே கிடைக்காது.

சத்தம் போதவில்லை என்று வந்த குமாஸ்தாவுக்கு, இருந்த சத்தமும் போயிற்று. மறுநாள் திட்டியதில் வியப்பு இல்லை!

கடைக்காரருக்கு மட்டும் எப்படி?

மளிகைக் கடைக்காரரின் பிரச்சினை நேர் எதிர். அவருடைய இயர்போன் மிகவும் நுட்பமானது. கொஞ்சம் மின்சாரம் போனாலே உரக்கப் பேசும். அதனால் செல்போனின் ஆம்பிளிபயரில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய இரைச்சலையும் அது விடாமல் காட்டிக் கொடுக்கிறது. விலை உயர்ந்த இயர்போனில் "புஸ்" கேட்பதும், நடைபாதையில் வாங்கியதில் கேட்காததும் இதனால்தான்.

அந்த இரைச்சலுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அநேகமாக அது அதே அளவில்தான் இருக்கும்.

அடாப்டரை மாட்டியதும் பாட்டும் குறைகிறது, இரைச்சலும் குறைகிறது. பிறகு செல்போனில் சத்தத்தை நாலைந்து கோடு ஏற்றினால் பாட்டு பழையபடி வந்துவிடும். இரைச்சல் வராது. அது குறைந்த இடத்திலேயே கிடக்கும்!

இன்னொரு லாபமும் உண்டு. முன்பு ஒரே கோட்டில் காதை அடைத்த சத்தம் இப்போது ஐந்தாறு கோடுகளில் பரவி நிற்கும். வேண்டிய அளவுக்கு நிதானமாக வைத்துக் கொள்ளலாம்.

சீறுகிற குழாய்க்குச் சிறிய வாய் மாட்டுவது போலத்தான் இது. தண்ணீர் அளவாக விழும். ஆனால் தண்ணீரே வராத குழாய்க்குச் சிறிய வாய் மாட்டி என்ன பிரயோசனம்?

குரல் மாறும்!

அடாப்டர் மாட்டினால் சில இயர்போன்களில் பாட்டின் குணமே மாறும். காரணம், இயர்போனின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓம் கூடுகிற சுருதியில் ரெசிஸ்டரின் கமிஷன் குறைவு. ஓம் குறைகிற சுருதியில் கமிஷன் அதிகம். ஆகவே சில இயர்போனில் கீச்சுச் சத்தம் தூக்கும். சிலவற்றில் அடிச் சத்தம் தூக்கும்.

இதையே ஒரு தொழிலாகச் செய்து காட்டியது அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம். அதன் ஈ.ஆர்.4பி என்ற இயர்போன் 27 ஓம். அதன் அண்ணன் ஈ.ஆர்.4எஸ் 100 ஓம். 75 ஓம் அடாப்டர் ஒன்றை மாட்டினால் தம்பி அண்ணன் போல் பாடும். 27-ம் 75-ம் 102 ஆகிறது அல்லவா? இந்த ரகத்தில் அடாப்டர் திட்டமிட்டே செய்யப்பட்டது.

உள்ளே ஒரே ஒரு வட்ட ஸ்பீக்கர் வைத்த சாதாரண இயர்போனில் இந்த மாற்றம் பெரும்பாலும் குறைவு. ஒரு காதுக்கு மூன்று, நான்கு குட்டி ஸ்பீக்கர் அடைத்த விலை உயர்ந்த ரகங்களில் மாற்றம் பளிச்சென்று தெரியும். பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போனை ஏமாற்றிய கதை!

"எனக்குத் தெரிந்த ஒருவர் அடாப்டர் போட்டதும் நிஜமாகவே சத்தம் கூடியதே!" என்று சிலர் வாதாடுவார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

எல்.ஜி. நிறுவனம் 2016-ல் வி20, 2017-ல் வி30 என்ற செல்போன்களை வெளியிட்டது. இயர்போன் சொருகியதும் அதன் ஓம் எத்தனை என்று அந்தப் போன்கள் தாமே சோதிக்கும். 50 ஓமுக்கு மேல் இருந்தால், "பெரிய ஹெட்போன் வந்திருக்கிறது" என்று கருதிக் கூடுதல் மின்அழுத்தம் கொடுக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் 32 ஓம் இயர்போனுடன் 75 ஓம் அடாப்டரைச் சேர்த்துச் சொருகினார்கள். போன் 107 ஓம் என்று நம்பி ஏமாந்தது! ஆனால் கூடுதலாக வந்ததில் பெரும் பங்கை ரெசிஸ்டரே தின்றது வேறு விஷயம்.

எல்.ஜி. 2021-ல் செல்போன் தொழிலை விட்டே விலகிவிட்டது. அந்தப் பழைய போன்களை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிக்கும். இப்படிச் சோதிக்காத போனில் பலிக்காது.

300 ஓம், 600 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது அடாப்டர் அல்ல. பேட்டரி வைத்த சிறிய ஹெட்போன் ஆம்பிளிபயர், அல்லது அந்த வேலைக்கென்றே வரும் பலமான சி-டைப் டாங்கிள்.

பாடகரைக் காணோம்!

அடாப்டர் மாட்டியதும் இசை கேட்கிறது. பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கிறது. இந்த அனுபவம் பலருக்கு உண்டு.

இது ஓம் கோளாறு அல்ல. பின்னில் உள்ள வளையங்களின் கோளாறு. மைக் வைத்த இயர்போன் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும். மைக் இல்லாததில் இரண்டு கோடுகள்தான். மைக்குக்கும் எர்த்துக்கும் உரிய வளையங்களை இரண்டு விதமாக அமைப்பது உண்டு. போன் ஒரு விதம், இயர்போன் இன்னொரு விதம் என்றால் எர்த் சரியாகக் கிடைக்காது. அப்போது இரண்டு காதுக்கும் பொதுவான குரல் அடிபட்டுப் போகும். பின் பாதி மட்டும் சொருகி இருந்தாலும் இதே கதைதான்.

இரண்டு கோடு அடாப்டரை மாட்டினால் இயர்போன் மைக் வேலை செய்யாது. டெலிபோன் வந்தால் செல்போனை எடுத்து வாயருகே வைத்துத்தான் பேச வேண்டும்.

வட்ட ஓட்டை இல்லாத போனா?

இப்போது பல செல்போன்களில் இயர்போன் ஓட்டையே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2016-ல் ஐபோன் 7-ல் அதை எடுத்தது. பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள்.

அந்தப் போன்களுக்கு வரும் சி-டைப் கன்வெர்ட்டர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வெறும் வயர். சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்றில் 'டி.ஏ.சி.' என்ற சில்லும் ஆம்பிளிபயரும் உண்டு. போனுக்குள் இருந்த வேலையை இதுவே பார்க்கும். "டி.ஏ.சி. இருக்கிறதா?" என்று கேட்டு வாங்குவது நல்லது. புளுடூத் இயர்போனுக்கு ஓம் அடாப்டர் பேச்சே தேவை இல்லை.

காசு இல்லாத வைத்தியம்

சத்தம் குறைவு, அடிச் சத்தம் இல்லை என்பவர்கள் முதலில் இவற்றைப் பார்க்கலாம்:-

இயர்போன் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கிறதா? காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஒரு காது மட்டும் குறைவாகக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம்.

போன் ஓட்டையில் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்திருக்கிறதா?

செட்டிங்கில் சத்தத்துக்கு 'லிமிட்' வைத்திருக்கிறதா?

ரப்பர் மூடி காதுக்குச் சரியாகப் பொருந்துகிறதா? இதுதான் முக்கியம். மூடி தளர்ந்திருந்தால் அடிச் சத்தம் கசிந்து வெளியே போய்விடும். ரெயில் இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

நம் குமாஸ்தாவுக்கு வந்த நோயும் இதுதான். ஒரு அளவு பெரிய ரப்பர் மூடி மாட்டினால் தபேலாவும் வரும், டிரம்மும் வரும்.

காது பத்திரம்!

கடைசியாக ஒரு விஷயம். ரெயில் இரைச்சலை ஜெயிக்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து.

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோரின் காது இப்படி ஆபத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் 2022-ல் எச்சரித்தது.

போகவும் வரவுமாக தினம் 2 மணி நேரம். வாரத்துக்கு 6 நாள் என்றால் 12 மணி நேரம். நம் குமாஸ்தா 90 டெசிபலில் கேட்டால், செவ்வாய்க்கிழமை சாயந்திரமே அந்த வாரத்துப் பங்கு தீர்ந்துவிடும். உள்காதில் செத்துப்போன நுண்ணிய மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே "புஸ்" சத்தம் தொல்லை என்றால் அடாப்டர் வாங்கலாம். சத்தம் போதவில்லை என்றால் ரப்பர் மூடி வாங்கலாம். மூடி மாற்றியும் போதவில்லை என்றால், பார்க்க வேண்டியது கடைக்காரரை அல்ல... காது டாக்டரை!