உண்டியலில் ஒரு திருடன்!

நாலணாவுக்கு ஒரு காலத்தில் நல்ல மதிப்பு இருந்தது. 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. நாலணா, 25 பைசா ஆயிற்று. 2011-ம் ஆண்டு ஜூன் மாத முடிவோடு அந்தக் காசும், அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமல் போயின. அவற்றைக் கொடுத்து வாங்க, கடையில் பொருள் எதுவும் இல்லை!

காசை யாரும் திருடவில்லை. அதன் மதிப்பை விலைவாசி திருடிவிட்டது. வீட்டு உண்டியலிலும் இந்தத் திருடன் கை வைக்கிறான்.

6 வயதுப் பெண்

ஒரு வீட்டில் 6 வயதுப் பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைக் கல்லூரியில் படிக்க வைக்க வேண்டும் என்று தாய்க்கு ஆசை. அந்தப் படிப்புக்கு இன்று 4 லட்சம் ரூபாய் ஆகும். இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. மாதம் 2,800 ரூபாய் உண்டியலில் போட்டால் 4 லட்சம் சேர்ந்துவிடும்.

கூட்டல் சரிதான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் அதே படிப்புக்கு 8 லட்சம் வேண்டும்! உண்டியல் பணம் பாதிப் படிப்புக்குத்தான் போதும்.

சுலபமான கணக்கு

விலை எத்தனை ஆண்டில் இரண்டு மடங்காகும்? விலை ஏறும் சதவீதத்தால் 72-ஐ வகுத்தால் தெரிந்துவிடும். 4 சதவீதம் என்றால் 18 ஆண்டு. 6 என்றால் 12 ஆண்டு. 8 என்றால் 9 ஆண்டு.

விலை ஏறவே ஏறாது என்று நம்பியிருக்க முடியாது. 2016-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் ரிசர்வ் வங்கிக்கு வைத்த இலக்கே, விலைவாசி உயர்வு 4 சதவீதம் என்பதுதான்.

என்ன வழி?

அதே 2,800 ரூபாயை மாதந்தோறும் 6 சதவீத வட்டி கிடைக்கும் இடத்தில் போட்டால்? 12 ஆண்டில் 6 லட்சம்கூடத் தேறாது. வட்டி மட்டும் போதாது.

ஆண்டுதோறும் போடும் பணத்தையும் 6 சதவீதம் கூட்ட வேண்டும். முதல் ஆண்டு மாதம் 2,800. இரண்டாம் ஆண்டு மாதம் 2,968. இப்படியே கூட்டிப் போட்டு வந்தால், 12 ஆண்டு முடிவில் ஏறக்குறைய 8 லட்சம் கையில் இருக்கும்!

சம்பளம் கூடும்போது சேமிப்பும் கூட வேண்டும். இன்றைய விலையை வைத்து அல்ல, பணம் தேவைப்படும் நாளின் விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

அப்படிச் செய்தால், அந்தப் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்காது!