நானா, என்னையா?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, முடிச்சூரில் நமது வீட்டு வாசலில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடைத்தாளும் கையுமாக வந்து நின்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "பிட்வீன் யூ அண்ட் மீ" என்று அவள் எழுதியிருக்க, 'மீ'யைச் சிவப்பு மையால் அடித்து 'ஐ' ஆக்கி, ஒரு மதிப்பெண்ணும் கழித்திருந்தார்கள்.

"நான் எழுதியது தப்பா, ஸார்?" என்றாள்.

தப்பேயில்லை, திருத்தியதுதான் தப்பு. ஆயினும் திருத்தியவர்மீது நமக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் நாமும் இதே பிழையைச் சிவப்பு மையால் செய்தவர்தாம்!

"மீ அண்ட் ராமு வென்ட் டு தாம்பரம்" என்று சிறு பிள்ளை சொன்னால், "ராமு அண்ட் ஐ என்று சொல்லடா" என்று அதட்டுகிறோம். பிள்ளைக்குக் காரணம் தெரிவதில்லை. அதட்டல் மட்டும் மனத்தில் நிற்கிறது. 'அண்ட்' வந்தால் பின்னே 'ஐ' வருவதே நாகரிகம் என்று எண்ணிக்கொள்கிறது. இந்த வியாதி நம்மவருக்கு மட்டும் உரியதன்று. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அந்தோனியோ தன் தோழனுக்கு எழுதும் கடிதத்திலேயே இந்த 'ஐ' குந்தியிருக்கிறது. மகாகவிக்கு மதிப்பெண் கழிக்க யாரும் துணியவில்லை போலும்!

இதன் வேர் பழையது. ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலீஷில் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை வடிவங்கள் பல இருந்தன. அவை நாளடைவில் பெரும்பாலும் தேய்ந்துபோயின. ஐ–மீ, ஹீ–ஹிம், வீ–அஸ் போன்ற சில ஜோடிகளே மிஞ்சின. 'யூ'வோ, 'யீ' என்ற பழைய எழுவாய் வடிவத்தை விழுங்கிவிட்டு இரண்டு வேலையையும் தானே பார்க்கிறது. ஆகவே 'பிட்வீன் யூ' என்னும்போது காதுக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. 'யூ'வை எடுத்துவிட்டு "பிட்வீன் ஹீ அண்ட் ஐ" என்று சொல்லிப் பாருங்கள், உடனே உறுத்தும்.

"இதையே தமிழில் சொல், அம்மா" என்றோம்.

"உனக்கும் எனக்கும் இடையே" என்றாள்.

"உனக்கும் நானும் இடையே" என்று எழுத்தறியாத பாட்டிகூடச் சொல்லமாட்டாள். எத்தனை பேரை 'உம்' போட்டு அடுக்கினாலும், தமிழ் ஒவ்வொருவருக்கும் உருபைத் தனித்தனியே பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைத் தொல்காப்பியர் வகுத்த பாஷையைப் பேசும் குழந்தைகளை, இரண்டு வடிவங்களைக் காட்டி நாம் மிரட்டுகிறோம்!

ஒரு கண்ணி மட்டும் உண்டு. "எனக்குத் தெரியும்", "எனக்குப் பசிக்கிறது" என்பவை இங்கிலீஷில் 'ஐ' என்றே தொடங்கும். அங்கே தமிழை அப்படியே நம்பினால் மோசம் போவோம். துணைக்கு வந்தவரை நீக்கிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது அப்போது உதவும். "ராமு அண்ட் ஐ" என்பதில் ராமுவை அனுப்பிவிட்டால், எஞ்சியவர் 'ஐ'யா 'மீ'யா என்பது தானே தெரிந்துபோகும்.

"இட் இஸ் ஐ" என்பதா, "இட் இஸ் மீ" என்பதா என்றும் கேட்டாள். பழைய இலக்கண நூல்கள் முன்னதை விதித்தன; இங்கிலீஷ்காரர் வீட்டில் பேசுவது பின்னது.

மறுநாள் விடைத்தாளை ஆசிரியையிடம் பணிவாகக் காட்டச் சொல்லி அனுப்பினோம். மதிப்பெண் திரும்பிவிட்டது. "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று ஆசிரியை இங்கிலீஷில் கேட்டாராம். 'ஐ'யா, 'மீ'யா என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, "நான்தான், மிஸ்" என்றாளாம் அவள்.