ஓபரா பாடத் துடிக்கும் இந்திய இளைஞர்கள்: பயிற்சிக்கும் குரல் தேர்வுக்கும் வெளிநாடே கதி

புதுதில்லி: மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைத் திட்டம் பலரும் அறிந்ததே. 18 முதல் 25 வயது வரையிலான 400 பேருக்கு, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி கிடைக்கிறது. இந்திய சாஸ்திரிய இசை, நடனம், நாடகம், மௌன நாடகம், ஓவியம், சிற்பம், நாட்டுப்புறக் கலை, கஜல், தும்ரி போன்ற இலகு சாஸ்திரிய இசை என்று பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலில் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு இடம் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி எழுவது இயல்பே. ஷில்லாங், ஐஸால், கோஹிமா, பணஜி, மும்பை போன்ற ஊர்களில் இதற்கு விடை உண்டு. தேவாலயப் பாடகர் குழுக்களில் சிறு வயது முதல் பாடி, மேற்கத்திய முறையில் குரலைப் பண்படுத்தி, ஓபரா மேடையையே வாழ்க்கையாக்கிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் இந்த ஊர்களில் இருக்கின்றனர். பெரும் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவர்களில் ஒருவர் தொழில்முறைப் பாடகராக வேண்டுமானால், முறையான பயிற்சியின் பெரும்பகுதியையும், முதல் குரல் தேர்வையும், முதல் சம்பளத்தையும் அயல்நாட்டில்தான் தேட வேண்டியுள்ளது.

ஓபரா என்பது கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் இசை நாடகம். அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்க, ஒலிபெருக்கியின் துணையின்றி, இரண்டாயிரம் பேர் அமர்ந்துள்ள அரங்கின் கடைசி வரிசை வரை குரல் சென்றாக வேண்டும். கொட்டகையின் கோடிவரை எட்டிய கிட்டப்பாவின் குரலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட தமிழ் வாசகர்களுக்கு இது புரியாத செய்தியன்று. அத்தகைய குரலை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதோடு இத்தாலி, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் பிழையின்றிப் பாடவும், பாடிக்கொண்டே நடிக்கவும் பழக வேண்டும்.

பெயரளவில் ஓபரா இந்தியாவுக்குப் புதிதல்ல. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இத்தாலியக் குழுக்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து பாடின. மும்பை சர்னி ரோடு அருகே உள்ள ராயல் ஓபரா ஹவுஸ், கட்டி முடிவதற்கு முன்பே 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் திறந்துவைக்கப்பட்டது. பெயரில்தான் ஓபரா, பின்னாளில் அங்கு பால கந்தர்வரின் மராத்தி சங்கீத நாடகங்களும், பிருத்விராஜ் கபூரின் நாடகங்களும், பிறகு சினிமாவும் நடந்தன. 1993-ல் மூடப்பட்ட அந்த அரங்கு, பழுதுபார்க்கப்பட்டு 2016 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அன்று பாடியவர், பம்பாயில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற பட்ரீசியா ரொஸாரியோ.

நாரிமன் பாயிண்டில் உள்ள தேசிய நிகழ்கலை மையத்தில் 2006-ல் தொடங்கப்பட்ட இந்திய சிம்பொனி இசைக்குழு, சில ஓபராக்களை முழு அளவில் மேடையேற்றியது. முதன்மைப் பாத்திரங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே ஏற்றனர். உள்ளூர்க் குரல்களுக்குப் பின்வரிசைப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. தில்லியில் நீம்ரானா ஹோட்டல்களை நிறுவிய பிரான்சிஸ் வாக்ஸியார்க், தமது இசை அறக்கட்டளை மூலம் 2000-களில் பல ஓபராக்களைத் தயாரித்தார். 2014-ல் அவர் காலமானார்.

குரல் வளம் பெருகிக் கிடப்பது வடகிழக்கில்தான். 1841-ல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சி சென்றார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் வேதாகமத்தோடு நான்கு குரல் பாடும் மரபையும் காசி, மிசோ மலைகளில் ஊன்றினர். எழுதப்படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் பாடத் தெரிந்தவராகவும் இருக்கும் கிராமங்கள் அங்கு உண்டு என்று சொன்னால் அது சற்றே மிகையாக இருக்கலாம், பெரிய மிகையன்று.

அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. மிசோ, காசி பாடல் புத்தகங்கள் 'டானிக் சோல்ஃபா' எனப்படும் எழுத்து முறை ஸ்வரக் குறிப்பில் அச்சிடப்பட்டவை. ஓபரா உலகமோ ஐந்து கோட்டு ஸ்வரக் குறிப்பில் இயங்குகிறது. காதால் கேட்டதும் மூன்றாம் குரலைத் தானாகப் பாடிவிடும் இளைஞர், மொசார்ட்டின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தால் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கோவாவில் நிலைமை வேறு. போர்ச்சுக்கீசியர் காலத்துத் திருச்சபைப் பள்ளிகள் கோட்டு ஸ்வரத்தையே கற்பித்தன. இந்தி சினிமா இசைக்குழுக்களை ஒரு காலத்தில் கோவா இசைக் கலைஞர்கள் நிரப்பியதற்கு அதுவே காரணம். 1952-ல் பணஜியில் தொடங்கிய இசைப்பள்ளி, பின்னர் கலா அகாதெமியின் மேற்கத்திய இசைத் துறையாயிற்று.

இவற்றுக்கு மேலே உள்ள படி எது? லண்டன் டிரினிட்டி கல்லூரியும் அசோசியேட்டட் போர்டும் இந்திய நகரங்களில் நடத்தும் எட்டு நிலைத் தேர்வுகள்தான் பெரும்பாலோருக்குத் தெரிந்த பாதை. ஓர் அறை, ஒரு பியானோ, ஒரு தேர்வாளர். மாணவர் சில பாடல்களைப் பாடி, பார்த்தவுடன் ஸ்வரம் படித்துக் காட்டிவிட்டு வெளியேறுகிறார். சான்றிதழ் மதிப்புமிக்கதே. ஆனால் உடை தரித்து, சக நடிகர்களோடு, இசை இயக்குநரின் கோலைக் கடைக்கண்ணால் பார்த்தபடி மூன்று மணி நேரம் மேடையில் நிற்கும் பழக்கத்தை அந்த அறை தருவதில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முன்வந்தவர் ரொஸாரியோதான். லண்டன் கில்டால் இசைப்பள்ளியில் பயின்ற இவருக்காக ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டவனர் முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். 2009-ல் ரொஸாரியோவும் அவரது கணவரும் பியானோ கலைஞருமான மார்க் டிரூப்பும் 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, இந்திய நகரங்களுக்கு வந்து வகுப்பு நடத்தினர். அங்கு பயின்றவர்களில் சிலர் பிரிட்டிஷ் இசைக்கல்லூரிகளில் இடம்பெற்றனர். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் நிறுவிய கே.எம். இசைக்கல்லூரியிலும் மேற்கத்திய குரலிசை முறையாகக் கற்பிக்கப்படுகிறது. தனிமனிதர்களின் முயற்சியாலேயே இத்தனையும் நடந்திருப்பது கவனிக்கத்தக்கது.

பத்து நிமிடத்துக்குப் பத்தாண்டு

உண்மையான சோதனை 'ஆடிஷன்' எனப்படும் குரல் தேர்வில் தொடங்குகிறது. பெரிய ஓபரா அரங்குகள் ஒவ்வொன்றும் இளம் கலைஞர்களுக்கென்றே சம்பளத்துடன் கூடிய பயிற்சித் திட்டம் நடத்துகின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கின் லிண்டமன் திட்டம் 1980 முதலும், லண்டன் ராயல் ஓபராவின் ஜெட் பார்க்கர் திட்டம் 2001 முதலும் நடைபெறுகின்றன. ஜெர்மனியில் பல நகர அரங்குகள் 'ஓபரா ஸ்டூடியோ' வைத்துள்ளன. சில இடங்களுக்குப் பல நூறு பேர் விண்ணப்பிக்கின்றனர்.

முதல் சுற்று ஒளிப்பதிவு. நல்ல கூடமும், சுருதி சேர்த்த பெரிய பியானோவும், ஓபரா வாசித்துப் பழகிய பியானோ கலைஞரும் அதற்குத் தேவை. மூன்றாமவர் கிடைப்பது இந்தியாவில் அரிது. கிடைத்தாலும் மும்பை, தில்லி என்று பயணம் செய்ய வேண்டும். அதில் தேறினால் நேர்முகச் சுற்று. வழக்கமாக நான்கைந்து பாடல்கள், குறைந்தது மூன்று மொழிகளில் தயாராக இருக்க வேண்டும். முதல் பாடலைப் பாடகர் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதை நடுவர்கள் கேட்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக ஐரோப்பிய மாணவர் ரயிலேறிச் சென்று அன்றிரவே வீடு திரும்புகிறார். கோஹிமாவிலிருந்து செல்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூனில் அதன் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. முடிவு தெரிய விதிப்படி 15 நாள்; தேவைப்பட்டால் 45 நாள். தேர்வு நாளோ யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை. நிலையான வருமானமோ கனத்த வங்கிக் கணக்கோ இல்லாத இருபத்தைந்து வயது பாடகர், தாம் திரும்பி வருவேன் என்று தூதரக அதிகாரியை நம்பவைப்பதும் எளிதன்று.

வயது இன்னொரு தடை. இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை முப்பதை ஒட்டிய வயதில் கதவை மூடிவிடுகின்றன. இந்தியக் குடும்பங்களிலோ முதலில் பொறியியல் அல்லது வணிகவியல் பட்டம், பிறகு ஒரு வேலை, அதன் பிறகே பாட்டு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் தீவிரப் பயிற்சியைத் தொடங்குபவருக்கு எஞ்சுவது ஏழெட்டு ஆண்டுகள். கனமான குரல்கள் முப்பதைத் தாண்டித்தான் முதிர்ச்சி அடையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் இறுகுகிறது.

படிப்புச் செலவும் மலைக்க வைப்பதே. லண்டன் இசைக்கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு முதுநிலைப் பயிற்சியின் ஆண்டுக் கட்டணம் மட்டும் இந்தியப் பணத்தில் 25 லட்சத்தைத் தாண்டும். ஜெர்மனியின் அரசு இசைக்கல்லூரிகள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. ஆயினும் நேரில் சென்று நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழி தெரிய வேண்டும். விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாகச் சுமார் 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இன்லாக்ஸ் போன்ற தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சிலருக்குக் கைகொடுக்கின்றன. மற்றவர்கள் வீட்டை அடகு வைக்கிறார்கள், அல்லது பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

குரலுக்குத் தேசமோ இனமோ தடையில்லை என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இலங்கைப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த டேனியல் டி நீஸ், 18 வயதிலேயே மெட்ரோபாலிட்டன் அரங்கின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர் ஷான் பணிக்கர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் இளம் கலைஞர் திட்டத்தில் வளர்ந்து, 2008-ல் மெட்ரோபாலிட்டன் மேடையேறினார். 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஓபரா பிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகம்' படைப்பை அரங்கேற்றியபோது காந்தியாகப் பாடியவர் அவரே. பகவத் கீதையின் சம்ஸ்கிருத சுலோகங்களால் ஆன படைப்பு அது. காந்தி பிறந்த நாட்டில் பயின்ற ஒருவர் அந்தப் பாத்திரத்துக்கான குரல் தேர்வு வரை போய்ச் சேருவதற்குப் படிகளே இல்லை என்பதை எண்ணும்போது வியப்பைவிட வருத்தமே மிஞ்சுகிறது.

தென் கொரியாவைப் பார்க்கலாம். அங்கும் மேற்கத்திய இசை மிஷனரிகளோடும் தேவாலயப் பாடகர் குழுக்களோடும்தான் வந்தது. மேகாலயத்துக்கும் கொரியாவுக்கும் தொடக்கம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கொரிய அரசு 1962-ல் தேசிய ஓபரா நிறுவனத்தை அமைத்தது. 1990-களில் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. இன்று ஜெர்மானிய ஓபரா அரங்குகளில் கொரியப் பாடகர் இல்லாத குழுவைக் காண்பது கடினம்.

தெருக்கூத்துக் கலைஞருக்கும் யட்சகானக் கலைஞருக்கும் உரிய உதவி போய்ச் சேராத நாட்டில், ஐரோப்பியக் கலைக்கு வரிப்பணமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பல கோடியில் ஓபரா அரங்கு கட்டச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். ஆனால் வயலினும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்தபோது அந்நியம் என்று தள்ளியிருந்தால் கர்நாடக இசைக் கச்சேரிகள் இன்று எப்படி இருந்திருக்கும்? மேலும், காசி, மிசோ, நாகா மக்களுக்கு நான்கு குரல் பாட்டு நூறாண்டுக்கு மேற்பட்ட சொந்த மரபு. அதை அந்நியம் என்று தில்லி வகைப்படுத்துவது, வடகிழக்கைப் பற்றித் தில்லி கொண்டுள்ள பழைய பார்வையின் இன்னொரு பக்கமே.

செய்யக்கூடியவை சிறியவை. உதவித்தொகைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கலாம். மாணவர் அனைவருக்கும் மாதந்தோறும் உதவித்தொகை தரும் தேசிய நாடகப் பள்ளியின் முறையில், ஏதேனும் ஒரு வடகிழக்கு நகரில் இரண்டாண்டு மேற்கத்திய குரலிசைப் பயிற்சியைத் தொடங்கலாம். வெளிநாட்டுத் தேர்வுக் குழுக்களை ஆண்டுக்கொருமுறை இந்தியாவுக்கு வரவழைத்தால், ஐம்பது பேர் விசாவுக்கு அலைவதற்குப் பதிலாக மூன்று நடுவர்கள் விமானம் ஏறினால் போதும்.

லண்டனில் பயின்று பியானோ கலைஞராக இருந்த நீல் நாங்கின்ரி, 2001-ல் ஷில்லாங் திரும்பி, இளைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் குரல் பயிற்சி அளித்தார். 'ஷில்லாங் சேம்பர் கொயர்' அப்படிப் பிறந்ததே. 2010-ல் சீனாவில் நடந்த உலகப் பாடகர் குழுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை அது வென்றது. காசி மக்களின் பழங்கதையை அவர்கள் மொழியிலேயே ஓபராவாகவும் அவர் எழுதினார். 2015-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022 ஜனவரியில் 51 வயதில் காலமானார். அவரிடம் பயின்றவர்கள் ஷில்லாங்கில் அந்தக் குழுவைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர்.