தேய்மானம் முடிந்த கார்!

டல்லஸ் புறநகரில் எங்கள் பேட்டைக்கு பஸ் கிடையாது. கார் மக்கர் செய்தால் ஆபீஸுக்கு மட்டம்தான். இது தெரிந்தும் தினசரி ஓட்ட 1995-ம் வருட கார்வெட் ஒன்றைப் பார்க்கப் போனேன். 5.7 லிட்டர் என்ஜின், 300 குதிரை சக்தி! ‘தேய்மானத்தை எல்லாம் பழைய ஓனரே எழுதித் தீர்த்துட்டாருடா’ என்றது என் பி.காம். மூளை.

கூட வந்த மெக்கானிக் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. டார்ச்சோடு வாட்டர் பம்ப்புக்குக் கீழே குனிந்தார். 1992 முதல் 1996 வரை வந்த இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பம்ப் ஒழுகினால் சொட்டுவது அதன் தலையில். அப்புறம் வண்டி இருமும். நடுரோட்டில் நின்றாலும் நிற்கும்!

“இப்ப ஒழுகலை. ஆனா ரெண்டையும் மாத்துற காசைத் தனியா எடுத்து வெச்சுட்டு வாங்குங்க” என்றார்.

என்னிடம் இருந்ததோ கார் வாங்க மட்டும் காசு. திரும்பி வந்துவிட்டேன்.

“ரெண்டே ஸீட்டுதானே? பையனை மடியிலயா வெச்சுப்பீங்க?” என்றாள் மனைவி, ஆறுதலாக!

பழசு தேடும் நண்பர்களே, தேய்மானம் முடிகிற இடத்தில்தான் ரிப்பேர் கணக்கு ஆரம்பம். அதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

இப்போதும் பழைய டொயோட்டாவில்தான் ஆபீஸ் போகிறேன். சிக்னலில் கார்வெட் வந்து உறுமினால் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன்.