தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம்

மாலை ஆறரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பி, காப்பகத்திலிருந்தோ பாட்டியிடமிருந்தோ குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் பெற்றோருக்குக் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். எட்டு மணிக்கெல்லாம் குழந்தைக்குக் கண் சொக்கிவிடும். அதற்குள் கை கால் கழுவி, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக் கொஞ்சி, சமைத்து, ஊட்டி முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியிலும் பல வீடுகளில் இரட்டைச் சமையல் நடக்கிறது. குழந்தைக்குக் குழைந்த சாதமும் பருப்பும் தனியாக. பெரியவர்களுக்குச் சப்பாத்தியும் காரமாக ஒரு குருமாவும் தனியாக. இரண்டு அடுப்பும் எரிந்து, பாத்திரம் தொட்டியில் குவிந்து, அம்மா சாப்பிட உட்காரும்போது மணி பத்தாகிவிடுகிறது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தனிச் சமையல் தேவையே இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே காரம் இல்லாமல், உப்பைக் குறைத்து, மசித்துக் கொடுத்தால் போதும். நம் சமையலில் இதற்கு ஒரு வசதி உண்டு. காரத்தைப் பெரும்பாலும் கடைசியில் தாளிப்போடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளிப்பைக் கொட்டுவதற்கு முன் குழந்தையின் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். இரவுச் சமையலின் சுமை அந்த ஒரு வேலையிலேயே பாதி இறங்கிவிடும்.

கோவை, ஈரோடு பக்கத்து வீடுகளில் செய்யும் அரிசியும் பருப்பும் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதைவிட நல்ல இரவுச் சாப்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு இரண்டையும் கழுவி நனைய வைத்துவிட்டுக் குழந்தையைக் கவனிக்கப் போகலாம். திரும்பி வந்து பத்து சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, ஐந்தாறு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள்தூள், மூன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரை மூடி நான்கு விசில் விட வேண்டியதுதான். வழக்கமாக எண்ணெயில் மிளகாயைத் தாளித்துவிட்டுத்தான் அரிசியைப் போடுவார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வரிசையை மாற்றிவிடுங்கள். ஆவி அடங்கியதும் மேலாக இரண்டு கரண்டி எடுத்து, துளி உப்பும் அரை ஸ்பூன் நெய்யும் விட்டு மசித்தால் குழந்தையின் சாப்பாடு தயார். அது ஆறுவதற்குள் கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் சாம்பார் பொடியும் அதிலேயே ஒரு புரட்டுப் புரட்டி மிச்சச் சாதத்தில் கொட்டிக் கிளறினால் பெரியவர்களின் சாப்பாடும் தயார். முதலிலேயே தாளித்த சாதத்தின் ருசி இதில் ஒரு மாற்றுக் குறைவுதான். தொட்டுக்கொள்ள ஒரு அப்பளமும் ஊறுகாயும் இருந்தால் அந்தக் குறை தெரியாது.

ஆவி தானாக அடங்கும் முன் வெயிட்டைத் தூக்க வேண்டாம். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்வரை போகும். அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைக்குத் தேவையான குழைவு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது.

வெண்பொங்கலும் இதே கணக்குத்தான். அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்ததும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மிளகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டலாம். ரவா கிச்சடியில் கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கிப் போட்டு, பச்சை மிளகாயை மட்டும் விட்டுவிடுங்கள். காரம் வேண்டியவர்களுக்குக் காரச் சட்னி இருக்கிறது. மாவு இருக்கும் நாளில் குழந்தைக்குக் கெட்டியாக, மெத்தென்று ஒரு சின்ன ஊத்தப்பம். அதன்மேல் துருவிய கேரட் தூவலாம், அல்லது அடித்த முட்டையை ஊற்றி நன்றாக வேகவிட்டுத் திருப்பலாம். பெரியவர்களுக்கு அதே மாவில் தோசையும் மிளகாய்ப்பொடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வார நாட்கள் இன்னும் லேசாகும். ரவையை வறுத்துப் பாட்டிலில் போட்டு வைக்கலாம். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தேங்காய்த் துருவலை ஃப்ரீசரில் வைக்கலாம். மாவை அரைப்பதோ கடையில் வாங்குவதோ அவரவர் சௌகரியம். கடை மாவு வாங்கியதற்காக எந்த அம்மாவும் மனம் குன்ற வேண்டியதில்லை. மிஞ்சிய சோற்றில் மட்டும் கவனம் தேவை. வெளியிலேயே கிடக்கும் சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே முறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்து தட்டில் வைத்தால் குழந்தை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெற்றோர் உடைந்துபோகும் இடம் இதுதான். முதல் வயதில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகிறது. அடுத்த ஒரு வருடம் முழுவதும் கூடுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. ஒரு நாள் ஒன்றரை இட்லி சாப்பிடும் குழந்தை மறுநாள் அரை இட்லியோடு எழுந்து ஓடுவது இயல்பு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு, குழந்தை வாய் திறக்கும் நேரம் பார்த்து ஊட்டும் பழக்கத்தால், வயிறு நிறைந்ததை உணரும் அறிவையே அதனிடமிருந்து பறித்துவிடுகிறோம். புதிய காய் ஒன்றைப் பழக்குவதற்குப் பத்து முறைக்கு மேல்கூடத் தட்டில் வைக்க வேண்டிவரலாம். வற்புறுத்தாமல் வையுங்கள், போதும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் பிஸ்கட்டோ ரஸ்கோ கொடுப்பதுதான் இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கும் முதல் காரணம். பசி தாங்காமல் அழுதால் ஒரு துண்டு வாழைப்பழமோ வெந்த கேரட்டோ கொடுக்கலாம். சாப்பிடாத குழந்தைக்கு ஈடுகட்டப் பெரிய டம்ளர் நிறையப் பால் கொடுப்பதும் நல்லதில்லை. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கு மற்ற உணவில் நாட்டம் குறையும், இரும்புச்சத்தும் குறையும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. பருப்பு, முட்டை, கீரை இந்த மூன்றும் வாரத்தில் பல நாள் குழந்தையின் தட்டில் இருக்க வேண்டும். இரவில் கீரை கூடாது என்று நினைக்கும் வீட்டில் பகலில் கொடுக்கலாம். பருப்புச் சாதத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

கிண்ணத்தை நீட்டும் முன் ஒரு முறை விரலால் துழாவிப் பாருங்கள். முழு மிளகு, தாளித்த கடலைப்பருப்பு, முந்திரி எதுவும் அதில் இருக்கக் கூடாது. முழு வேர்க்கடலையும் கொட்டைகளும் ஐந்து வயதுவரை வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சுண்டலென்றால் தோலை நீக்கி மசித்தே கொடுங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எதற்கும் கைப்பக்குவம் தேவையில்லை. அரிசி அளக்கவும் விசில் எண்ணவும் தெரிந்தால் போதும். இன்றைக்கு நீங்கள் முதலில் வீடு திரும்பினால், மனைவி வரட்டும் என்று காத்திருக்காமல் குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.