குடலுக்கு நார், மனதுக்கு நிம்மதியா?

பிரீபயாட்டிக் என்பது நம் உடலால் செரிக்க முடியாத, பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகும் நார்ப்பொருள். உயிருள்ள பாக்டீரியாக்களையே உடலுக்குள் அனுப்புவது புரோபயாட்டிக். ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்குத் தீனி போடுவது பிரீபயாட்டிக். வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் ஆகியவற்றில் இன்யூலின் வகை நார் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையிலிருந்து நொதிகளின் உதவியால் கேலக்டோ-ஆலிகோசாக்கரைடு தயாராகிறது. இவையே பொடியாகவும் மாத்திரையாகவும் விற்பனைக்கு வருகின்றன.

குடலுக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள உறவை 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வு எடுத்துக்காட்டியது. கிருமிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை அசையவிடாமல் அடைத்தபோது, அழுத்த ஹார்மோன்கள் மற்ற எலிகளைவிட அதிகமாகச் சுரந்தன. இளம் வயதிலேயே பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றைக் குடலில் சேர்த்ததும் அந்த மிகைச் சுரப்பு அடங்கியது. நாரை நொதிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவையும், வேகஸ் நரம்பும், நோய் எதிர்ப்பு மண்டலமும் குடலின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கும் வழிகளாகக் கருதப்படுகின்றன.

மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனை, 2015இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. ஆரோக்கியமான 45 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மூன்று வாரங்களுக்கு ஃபிரக்டோ வகை (இன்யூலினைச் சேர்ந்த நார்), கேலக்டோ வகை, வெறும் மாவுப்பொருள் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டனர். தூங்கி எழுந்ததும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சட்டென உயர்வது இயல்பு. அந்த உயர்வை அளக்கக் காலையில் அவர்களின் உமிழ்நீர் சேகரிக்கப்பட்டது. கணினித் திரையில் இரண்டு சொற்கள் தோன்றி மறைய, ஒன்றின் இடத்தில் வரும் புள்ளிக்கு எவ்வளவு விரைவாகப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்றும் பார்த்தனர். துயரச் சொல் இருந்த இடத்தில் விரைவு கூடினால், கவனம் அந்தப் பக்கம் சாய்கிறது என்று பொருள். கேலக்டோ வகை சாப்பிட்டவர்களிடம் கார்டிசால் உயர்வும் இந்தச் சாய்வும் குறைந்தன. ஃபிரக்டோ வகையில் அந்தப் பலன் இல்லை. ஆகவே, எல்லா நாரும் ஒன்றல்ல.

2021இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம், 18 முதல் 25 வயது வரையிலான 64 பெண்களிடம் கேலக்டோ வகையை நான்கு வாரங்கள் சோதித்தது. பதற்றம் மிகுந்த இயல்புடையவர்களிடம் பதற்றம் தணிந்தது. குடலில் பிஃபிடோபாக்டீரியாவும் பெருகியது.

இவை நம்பிக்கை தரும் முடிவுகள். ஆனால் சிறிய, குறுகிய கால ஆய்வுகள். பல சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில், மனச்சோர்விலும் பதற்றத்திலும் பிரீபயாட்டிக்குக்கும் போலி மருந்துக்கும் வேறுபாடு தென்படவில்லை. எனவே துணை உணவை மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேர்வு, வேலை, கடன் என்று அழுத்தம் தரும் காரணங்களை எந்தப் பொடியும் நீக்காது.

திடீரென அதிகம் எடுத்தால் வயிறு உப்பும், வாயு சேரும். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு வெங்காயம், பூண்டு, வாழைப்பழம், பயறு ஆகியவை அன்றாட உணவிலேயே குடல் நுண்ணுயிர்களுக்குத் தேவையான நாரைத் தரும். தூக்கம் கெட்டு, பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், நாட வேண்டியது மனநல மருத்துவரை.